.30-06 காலி கேஸிலிருந்து .275 ரிக்பி டம்மி: தோள் மடிகிறது, கழுத்து தடிக்கிறது

ஊட்டி_பட்டறை
எல்லாருக்கும் வணக்கம். எஸ்டேட் பங்களா ஒன்றிலிருந்து பழைய .275 ரிக்பி, அதாவது 7×57, மவுசர் ஆக்‌ஷன் (போல்ட்டும் அதைத் தாங்கும் பொறியும்), கடைக்கு வந்திருக்கிறது. மேகசினிலிருந்து தோட்டா சரியாக ஏறுகிறதா, எக்ஸ்ட்ராக்டர் நகம் அதன் அடி விளிம்பை (ரிம்) பிடித்து இழுக்கிறதா என்று பார்க்க வெடிமருந்தில்லாத டம்மி ஐந்து வேண்டும். வேலை முடிந்ததும் அவை ரைஃபிளோடு கண்ணாடி அலமாரிக்குப் போகும். 7×57 காலி கேஸ், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு, கிடைக்கவில்லை. .30-06 கேஸ்கள் கைவசம் உண்டு. கேஸை அளவுக்கு அழுத்தும் 7×57 சைசிங் டை ஒன்றும் இருக்கிறது. நேராக அதில் அழுத்தினால் தோளில், கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவில், மடிப்பு விழுகிறது. மடிப்பில்லாமல் வந்ததோ, குண்டு வைத்ததும் சேம்பரில் (குழலின் பின்முனைத் தோட்டா அறை) முழுதாகப் போகமாட்டேன் என்கிறது. எங்கே பிசகுகிறது?

கோத்தகிரி_சரிவு
முதலில் காகிதத்தைப் பேசிவிடுவோம். 1959 ஆயுதச் சட்டத்தின் 2-வது பிரிவில் 'அம்யூனிஷன்' என்பதற்குள் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். 5-வது பிரிவின்படி தயாரிப்புக்கு உரிமம் வேண்டும். காலி கேஸும் டையும் சும்மா பித்தளை, சும்மா இரும்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். இழையைப் படித்துவிட்டு யாராவது கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறையில் 'ஒரு டை போட்டுக் கொடுங்க அண்ணா' என்று நின்றால், மாட்டுவது பட்டறைக்காரரும்தான்.

ஊட்டி_பட்டறை
சரிதான் சார். கடையின் உரிமத்தில் இந்த வேலை அடங்கும். கேஸ் ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறியது. வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப் எதுவும் இந்த வேலையில் கிடையாது.

குன்னூர்_டூல்ரூம்
அப்படியென்றால் கணக்குக்கு வருவோம், தம்பி. மடிப்பு, ஏறாமை இரண்டுக்கும் காரணம் ஒன்றே: உங்கள் புதுக் கழுத்து பழைய கழுத்திலிருந்து வரவில்லை.

.30-06 கேஸின் நீளம் 63.35 மி.மீ. அதன் உடல் அடியிலிருந்து 49.5 மி.மீ வரை போகிறது. அங்கே விட்டம் 11.2. பிறகு தோள். 53.5-ல் கழுத்து தொடங்குகிறது. 7×57-இன் தோள் 44-க்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். கழுத்து சுமார் 47.3-இலிருந்து 57 வரை. இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து பாருங்கள். புதுக் கழுத்தின் அடிப்பாகம் 2 மி.மீ பழைய உடலிலிருந்து வருகிறது, நடுப்பாகம் பழைய தோளிலிருந்து, வாய்ப்பக்கம் 3.5 மி.மீ மட்டும்தான் பழைய கழுத்து. 11.2 விட்டமுள்ள குழாயை ஒரே இழுப்பில் 8.2-க்குச் சுருக்கினால் பித்தளை எங்கே போகும்? கொஞ்சம் நீளமாகும், மீதி சுவராகத் தடிக்கும். போக வழியில்லாதபோது மடியும்.

அடிப்பக்கம் கவலை இல்லை. ரிம் இரண்டுக்கும் 12 மி.மீ. .30-06-இன் உடல் அடியில் ஒரு நூல் ஒல்லி. உயிர்த் தோட்டாவாக இருந்தால் சுட்டபின் வெப் (அடியின் தடித்த பகுதி) அருகே ஒரு வளையம் தெரியும். டம்மிக்கு அது ஒரு பொருட்டல்ல.

ஊட்டி_பட்டறை
அப்போ இடையில் ஒரு படி வேண்டுமா அண்ணா? எந்த அளவில்?

குன்னூர்_டூல்ரூம்
8×57 சைசிங் டை இருந்தால் அதுவே இடைப்படி. அதன் கழுத்து சுமார் 9.1 மி.மீ. 11.2 → 9.1 → 8.2 என்று இரண்டு தாவலாகப் பிரிந்துவிடும். அந்த டை இல்லையென்றால் கழுத்துத் துளை 9.1, அதன் வாயில் 20 டிகிரி சாய்வு, இவ்வளவு மட்டும் உள்ள ஒரு ஃபார்ம் டை போதும். ஓஹெச்என்எஸ் அல்லது ஈஎன்-31 எஃகில் கடைந்து, 58–60 ஹெச்ஆர்சிக்கு (ராக்வெல் கடின அளவு) கடினமாக்கி, உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ். பக்கவாட்டில் தோள் சந்திப்பு உயரத்தில் 1.5 மி.மீ காற்றுத் துளை ஒன்று கட்டாயம். அது இல்லாத டையில் எண்ணெய் தோளுக்கு முன்னால் சிறைப்பட்டு, பித்தளையைக் குழியாக உள்ளே தள்ளும். மடிப்பு என்று பலர் நினைப்பதில் பாதி இந்த எண்ணெய்க் குழிதான். மடிப்பு நீளவாக்கில் கூர்மையாக ஓடும். எண்ணெய்க் குழி வழவழப்பாக, விரலால் அமுக்கியது போலிருக்கும். இரண்டுக்கும் தீர்வு வேறு. மடிப்புக்குச் சூடு காட்டி இளக்கும் அனீலிங், குழிக்கு எண்ணெயைக் குறைப்பது.

வேலை நடக்கும் வரிசை:

கேப் கழற்றும் முன் வாய்வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே துளை என்றால் பாக்ஸர். இரண்டு சிறு துளை என்றால் பெர்டன். பெர்டன் கேஸில் கேப்பைத் தள்ளும் சாதாரண டீகேப்பிங் பின்னை இறக்கினால் பின் முறியும். டம்மிக்கு பெர்டனும் ஆகும், ஆனால் ஃபார்ம் செய்யும்போது டீகேப்பிங் கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேஸைக் கழுவி, வாயிலிருந்து பழைய தோளுக்குக் கீழே 6–7 மி.மீ வரை அனீல் செய்யுங்கள். ஏன் அவ்வளவு கீழே? புதுத் தோள் விழுவது அங்கேதான். கழுத்தை மட்டும் இளக்கி நிறுத்துகிறவர்களுக்குத்தான் தோள் மடிகிறது.

பிறகு உடல் முழுக்க மெல்லிய லூப் (வழுக்கு எண்ணெய்). தோளில் பளபளவென்று தெரியக்கூடாது, விரல் வழுக்கினால் போதும். 8×57 டையில் கால் இஞ்சு, கால் இஞ்சாக இறக்குங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கேஸை வெளியே எடுத்து, கால் திருப்பு திருப்பி, மறுபடி. இறுகுகிறது என்று தோன்றினால் பலம் போடாமல் வெளியே எடுத்துத் துடைத்துப் புதிதாக லூப் தடவுங்கள். அது முடிந்ததும் 58 மி.மீ-க்கு அறுக்கவும். 32 பல் ஹேக்ஸா பிளேடு அல்லது சின்ன குழாய் கட்டர். கட்டரில் வாய் உள்பக்கம் மடங்கும், ரீமரால் திறந்துகொள்ளலாம். விளிம்புப் பிசிறை உள்ளும் புறமும் எடுத்து, மறுபடி அனீல் செய்து, பிறகு 7×57 டை. கடைசியில் 56.8-க்கு டிரிம். அதிகபட்சம் 57.0.

டையைப் பிரஸ்ஸில் முழுக்க இறக்கி வைத்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள். ஒரு சுற்று மேலே வைத்து ஒரு கேஸ் செய்து, ரைஃபிளில் போட்டுப் பார்த்து, கால் சுற்று கால் சுற்றாக இறக்குங்கள். போல்ட் கடைசி நூலில் லேசான அழுத்தத்தோடு மூடும் இடம்தான் உங்கள் அளவு. அதைத் தாண்டித் தோளைத் தள்ளினால் டம்மி சேம்பருக்குள் தளரும். அப்புறம் எக்ஸ்ட்ராக்டர் சோதனைக்கு அர்த்தமில்லை.

பெருமாள்மலை
லூப் என்ன? கொடைக்கானலில் தேங்காய் எண்ணெய் போட்டு ஒருத்தர் கேஸை டையிலேயே சிக்க வைத்துவிட்டார்.

குன்னூர்_டூல்ரூம்
தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மலையில் காலை பத்து மணி வரை அது மெழுகு. ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் வறட்சி. லானோலின் ஒரு பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் பத்துப் பங்கு கலந்து தெளித்து, ஆல்கஹால் பறக்க ஐந்து நிமிடம் விடுங்கள். ஆல்கஹால் போகுமுன் அழுத்தினால் லூப் இல்லாததற்குச் சமம். லானோலின் கிடைக்கவில்லையா, விளக்கெண்ணெய். கெட்டியாக ஒட்டி நிற்கும், குளிரில் உறையாது.

சிக்கினால் ரிம்மைப் பிடித்து இழுத்துக் கிழிக்காதீர்கள். கேப் குழியின் நடுவே 5 மி.மீ துளையிட்டு, எம்6 டேப் போட்டு, டைக்குக் கீழே ஒரு வாஷர்-குழாய் வைத்து போல்ட்டை இறுக்கினால் கேஸ் தானாக இறங்கி வரும்.

பெருமாள்மலை
அனீலிங்குக்கு ஒவ்வொரு கேஸாக டார்ச் பிடிப்பது எதற்கு? கேக் சுடும் ஓவனில் 260 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எல்லாம் ஒரே சீராக இளகுமே. பித்தளைக்கு 260 என்று கைநூலிலேயே இருக்கிறது.

பித்தளை_70_30
கைநூலில் இருப்பது அனீலிங் இல்லை, உள் இறுக்கத்தைப் போக்குவது. 70 செம்பு, 30 துத்தநாகம் உள்ள கார்ட்ரிட்ஜ் பித்தளைக்கு 260 டிகிரி, ஒரு மணி நேரம்: அது சரி. அதில் கழுத்து ஃபார்ம் செய்யும் அளவுக்கு இளகாது. இளகும் வரை ஓவன் சூட்டை ஏற்றினால் அடிப்பாகமும் இளகும். கேஸின் அடி வேண்டுமென்றே கடினமாகத் தயாரிக்கப்படுவது. கேப் குழி, எக்ஸ்ட்ராக்டர் பள்ளம், வெப், இவற்றின் பலம் அந்தக் கடினத்தில் இருக்கிறது. அடி இளகிய கேஸ் சுடும்போது பின்னால் பிளந்து வாயு ஆக்‌ஷனுக்குள் வரும், சுடுபவரின் முகத்துக்கு. அதனால்தான் கழுத்துக்கு மட்டும், சில விநாடி மட்டும், தீ.

முறை இது. வெப்பம் காட்டும் மையை, டெம்பிலாக் என்று விற்பதை, 400 டிகிரி அளவில் கழுத்தின் உள்ளே ஒரு கோடு, 230 டிகிரி அளவில் உடலில் தோளுக்குக் கீழே 12 மி.மீ-ல் ஒரு கோடு. புதுத் தோளையும் சேர்த்து இளக்குவதால் கீழ்க்கோட்டை 18 மி.மீ-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். கேஸைச் சுழற்றிக்கொண்டே சுடரைக் கழுத்து-தோள் சந்திப்பில் காட்டுங்கள். மேல்கோடு உருகியதும் எடுத்து விடுங்கள். கீழ்க்கோடு உருகியிருந்தால் அந்தக் கேஸ் குப்பை. மங்கிய சிவப்பு தெரிகிற வரை காத்திருந்தால் 500-ஐத் தாண்டிவிட்டீர்கள். அதற்கும் மேலே துத்தநாகம் பறக்கும், மேற்பரப்பு ஆரஞ்சுத்தோல் போல் சொரசொரக்கும்.

தண்ணீரில் போடுவது வெப்பம் அடிக்கு இறங்காமல் தடுக்க. எஃகு போலப் பித்தளை இதில் கடினமாகாது. போடாமல் ஆற விட்டாலும் கழுத்தின் மென்மை அதே.

ஊட்டிக்காரருக்குத் தனியாக ஒரு விஷயம்: எத்தனை விநாடி என்று கீழ்நாட்டு வீடியோவைப் பார்த்து எண்ணாதீர்கள். 2,240 மீட்டரில் காற்று மெலிவு, டார்ச் உறிஞ்சும் காற்று குறைவு, சுடர் மஞ்சளாகிச் சூடு இறங்கும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் பியூட்டேன் கேன் இன்னும் மோசம். பியூட்டேன் கொதிப்பதே பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே. கேன் குளிர்ந்திருந்தால் ஆவியே வராது. எல்பிஜி சிலிண்டரோடு இணைக்கும் டார்ச் நல்லது. மையை மட்டும் நம்புங்கள்.

பெருமாள்மலை
அக்கா, சுடப்போவதில்லையே. கண்ணாடி அலமாரிக்குப் போகிற டம்மி. அடி இளகினால் யாருக்கு நட்டம்?

பித்தளை_70_30
அடுத்து அதை எடுப்பவருக்கு. இருபது வருடம் கழித்துக் கேப் குழியோடு முழுசாக இருக்கும் 7×57 கேஸைப் பார்ப்பவருக்கு அது வெந்த பித்தளை என்று எப்படித் தெரியும்? அதனால் உடலில் எதிரெதிராக 3 மி.மீ துளை இரண்டு. சுட முடியாது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். துளை போட்டுவிட்டால் ஓவன் யோசனையைப் பற்றி நான் சண்டை போடமாட்டேன். ஆனால் வீட்டு ஓவன் முள் காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் இருபது முப்பது டிகிரி வித்தியாசம் சாதாரணம். கழுத்து மடிப்பை அது தீர்க்கவும் தீர்க்காது.

ஓவனை விட முக்கியமான ஒன்று இங்கே யாரும் எழுதவில்லை: பருவ வெடிப்பு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் கழுத்தில் தானாக விரிசல் விட்டன. மழை முடியும்வரை அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா, காற்றில் ஈரம், கேஸ் இழுக்கப்பட்டபோது உள்ளே தங்கிய இறுக்கம். மூன்றும் சேர்ந்தால் பித்தளை அதன் நுண்படிக எல்லைகளில் பிளக்கும். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் காரணத்தை விளக்கினார்கள். உள் இறுக்கத்தைச் சூட்டால் போக்குவதுதான் தீர்வு.

நீங்கள் செய்வது அந்த இறுக்கத்தை இரண்டு டையில் புதிதாக ஏற்றும் வேலை. எஸ்டேட்டில் அம்மோனியா எங்கே என்று கேட்காதீர்கள். மாட்டுத் தொழுவம், ஈரமான யூரியா மூட்டை, அம்மோனியம் சல்பேட்டும் சுண்ணாம்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் உரக் கிடங்கு, பித்தளை மினுக்கும் திரவங்களில் பல. தேயிலைத் தோட்டத்துத் தென்மேற்குப் பருவ ஈரமும் சேர்ந்தால் அலமாரியில் ஒரு நாள் கழுத்து நீளவாக்கில் பிளந்திருக்கும், யாரும் தொடாமலே.

ஆகவே டம்மிக்குக் கடைசி சைசிங்குக்கும் பிறகு கழுத்து, தோளுக்கு ஒரு முறை மையோடு அனீலிங். அதனால் கழுத்தின் பிடி தளரும், குண்டை எபாக்ஸியில் நிறுத்துங்கள். உயிர்த் தோட்டாவில் இந்த வரிசை தலைகீழ்: அங்கே பிடி வேண்டும், கடைசி அனீலிங் கடைசி சைசிங்குக்கு முன்னால்.

ஊட்டி_பட்டறை
தெளிவாச்சு அக்கா. கழுவுவதற்குப் புளி போதுமா? சில கேஸ்கள் ரொம்பப் பழையவை.

பித்தளை_70_30
புளித் தண்ணீர் நன்றாகவே வேலை செய்யும். குத்துவிளக்குக்குச் செய்வதுதான். பத்து நிமிடம், பிறகு வெந்நீரில் அலசல், துணியால் துடைத்து வெயிலில். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் மேற்பரப்பில் செம்பு மட்டும் நின்று இளஞ்சிவப்பாகிவிடும்.

ரொம்பப் பழையவற்றில் இரண்டு கவனம். பழைய குளோரேட் கேப் உள்ளே பொட்டாசியம் குளோரைடு உப்பை விடும். அது ஈரத்தை இழுக்கும், நல்ல வெந்நீரால்தான் போகும், எண்ணெயால் போகாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பாதரசக் கேப் சுட்ட கேஸ் என்றால் பாதரசம் பித்தளைக்குள் புகுந்து அதை நொறுங்கவைத்திருக்கும். எந்த அனீலிங்கும் மீட்காது. டையில் முதல் அழுத்தத்திலேயே வாய் பிளக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஊட்டி_பட்டறை
குன்னூர் அண்ணா, 9.1 படியோடு செய்தபின் மடிப்பு இல்லை. கேஸ் தனியாக நன்றாக ஏறுகிறது. 7.2 பித்தளைக் கம்பியில் கடைந்த குண்டை வைத்ததும்தான் கழுத்து இறுகுகிறது.

குன்னூர்_டூல்ரூம்
எதிர்பார்த்ததுதான். கழுத்துச் சுவரை மைக்ரோமீட்டரில் பாருங்கள், உருண்டை முனை உள்ளது. வழக்கமான 7×57 சுவர் 0.33–0.36. உங்களுடையது வாயில் அவ்வளவு இருக்கும், அடியில் 0.5-ஐ எட்டும். குண்டு 7.21, இரு பக்கச் சுவர் 1.0 என்றால் 8.21. சேம்பர் கழுத்துக்கும் குண்டு வைத்த கழுத்துக்கும் குறைந்தது 0.05–0.08 மி.மீ இடைவெளி வேண்டும். உங்கள் சேம்பர் எவ்வளவு என்று தெரியாமல் எந்த எண்ணும் பயனில்லை.

கோத்தகிரி_சரிவு
அதற்குச் செரோசேஃப் வார்ப்பு. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்த உலோகம், 71–88 டிகிரியில் உருகும். ஊட்டியில் தண்ணீர் 92–93-லேயே கொதித்தாலும் இதற்குப் போதும். கொதிநீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கலாம். நேரடித் தீ வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும், காட்மியம். சேம்பரை எண்ணெய் போகத் துடைத்து, குழலில் சேம்பருக்கு ஒரு இஞ்சு முன்னால் துணி அடைத்து, ஊற்றுங்கள். உறைந்ததும் முதலில் சுருங்கும், அந்த நேரத்தில் தள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு விரியும். ஊற்றி ஒரு மணி நேரத்தில் சேம்பரின் அளவோடு ஒத்துவரும், அப்போதுதான் அளக்க வேண்டும். இரண்டு நாள் மேசையில் கிடந்த வார்ப்பை அளந்தால் சேம்பர் உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும்.

குன்னூர்_டூல்ரூம்
வார்ப்பு அளவு கிடைத்ததும் வெளிப்புறம் கடையுங்கள். 7.15 மாண்ட்ரலில் (உள்ளே தாங்கும் கம்பி) கழுத்தை ஏற்றி, சுவர் 0.34 வரை. ஒரே வெட்டில் வேண்டாம். பித்தளை இழுத்தால் ஒரு பக்கம் 0.25, மறுபக்கம் 0.40 என்று ஓடும்.

வெளியே கடைந்த பிறகும் கழுத்து-தோள் சந்திப்பின் உள்பக்கத்தில் ஒரு வளையம் நிற்கும். டோனட் என்பார்கள். முன்பு சொன்ன அந்த 2 மி.மீ, பழைய உடல் பித்தளை. மாண்ட்ரல் அதன்மேல் ஏறும்போது தடிப்பை வெளியே தள்ளும், கட்டர் அதை வெட்டும். ஆனால் அடுத்த சைசிங்கில் மிச்சம் மறுபடி உள்ளே வந்துவிடும். டம்மிக்குச் சுலபம்: குண்டின் அடி அந்த இடம்வரை இறங்காமல் செய்தால் போதும், கம்பியில் கடைவது உங்கள் கையில்தானே இருக்கிறது. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 7.2 ரீமரைக் கையால் சுற்றி எடுங்கள், மின் டிரில்லில் மாட்டாதீர்கள்.

குண்டின் வடிவத்தையும் யோசியுங்கள். 7×57-க்குத் தொடக்ககாலத்தில் 173 கிரெயின் எடையுள்ள நீள உருண்டைமுனை. ரிக்பி பின்னர் 140 கிரெயின் கூர்முனையும் போட்டது. மேகசினும் தோட்டாவைச் சேம்பருக்கு ஏற்றும் சரிவான ஃபீட் ராம்பும் எதற்குச் செதுக்கியவை என்று பார்த்து இரண்டு வடிவத்திலும் டம்மி செய்வது நல்லது. மொத்த நீளம் 78 மி.மீ-க்குள். கூர்முனை ஏறி, உருண்டைமுனை முட்டினால் அது ரைஃபிளின் குறை இல்லை.

கோத்தகிரி_சரிவு
சோதிக்கும்போது டம்மியை விரலால் சேம்பரில் போட்டுவிட்டு போல்ட்டைத் தள்ளாதீர்கள். மவுசரின் நீள எக்ஸ்ட்ராக்டர் ரிம்மைக் கீழேயிருந்து, மேகசினிலிருந்து ஏறும்போது பிடிக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்த ரிம்மின் மேல் அதைத் தாவ வைத்தால் நகம் முறியும். இந்த வயது ரைஃபிளுக்கு நகம் தேடி அலைவீர்கள். தோள் அளவு பார்க்கும்போது ஸ்ட்ரைக்கரை (கேப்பை அடிக்கும் ஊசி) கழற்றிவிட்டு, கேஸின் ரிம்மை நகத்துக்கடியில் கையால் சொருகி, போல்ட்டோடு சேர்த்து உள்ளே விடுங்கள். ஸ்பிரிங் இல்லாததால் கைப்பிடியில் உண்மையான அழுத்தம் தெரியும்.

கேப் குழி சுமார் 5.3 மி.மீ. அதில் ரப்பரையோ நைலானையோ அழுத்தி வையுங்கள், வெறும் குழியில் ஸ்ட்ரைக்கர் முனை அடி வாங்கும். சுட்ட கேப்பை அப்படியே விடுவது இன்னும் கெடுதல், உயிர்த் தோட்டா என்று யாராவது பயப்படுவார்கள், அல்லது பயப்படாமல் போவார்கள்.

ஊட்டி_பட்டறை
கடைசியாக ஒன்று. உரிமையாளர் பழைய தோல் பெல்ட்டின் வளையங்களில் செருகித்தான் காட்சிக்கு வைக்க வேண்டும் என்கிறார்.

பித்தளை_70_30
தோல் பதனிட்ட டானினும் அமிலமும் ஈரத்தில் பித்தளையைப் பச்சை பிடிக்க வைக்கும். வளையம் தொட்ட இடமெல்லாம் களிம்பு வரும். பெல்ட் கட்டாயம் என்றால் கேஸைத் துடைத்து உலர்த்தி மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு பூச்சு, வளையத்துக்கும் கேஸுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் படலம். அலமாரிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம், ஜூன் தொடங்கி அக்டோபர் வரை மாதம் ஒரு முறை காயவைத்து மாற்ற வேண்டும். அந்த அறையில் தரை துடைக்கும் திரவத்தில் அம்மோனியா இருக்கிறதா என்று லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊட்டி_பட்டறை
சரி அக்கா. வார்ப்பு அளவு வந்ததும் கழுத்துச் சுவர் எண்ணோடு இங்கேயே போடுகிறேன்.